தரகர் பார்த்த செவ்வாய்

"எல்லாம் உன்னாலதாம்ல. அந்தப் பிள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகல. எம்மவன் எம்மூஞ்சில முழிக்கிறதில்ல. நீ மட்டும் மேல உக்காந்து மினுக்கிக்கிட்டு இருக்க."

மலை மடத்துப் பாறைமேல் நின்று, பருத்தித் தரகர் குத்தாலிங்கம் தெற்கு வானத்துச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். ஊரில் இருந்தவரை கொல்லைப்புறத்தில் நின்று ஏசினார். மடத்தில் சேர்ந்த பிறகும் பொழுது இருட்டினால் இதே வேலை.

மடத்துக் குருவுக்கு அவரைவிட வயது குறைவு. பக்கத்தில் வந்து நின்றார்.

"யாரை அண்ணாச்சி ஏசுதீங்க?"

"செவ்வாயைத்தான் சாமி. எம்மவனுக்குப் பாத்த பிள்ளை செண்பகவல்லி சாதகத்துல ஏழாம் எடத்துல வந்து உக்காந்தான். நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னு போச்சு. இவனை என்ன செய்யலாம், சொல்லுங்க."

"ஒரு மாசம் ஏசாம பாருங்க. வானத்துல எது எது இடம் மாறுதுன்னு வந்து சொல்லுங்க."

"மாசம் எதுக்கு? பதினஞ்சு நாள்னு முடிச்சுக்குவோம் சாமி."

"ஒரு மாசம்."

தரகர் பார்த்தார். பஞ்சை விரலிடுக்கில் இழுத்து ரகம் சொன்ன ஆள். கண் சோடை போகவில்லை. மேற்கே வெள்ளி, சேர்ந்து நின்ற இரண்டு நட்சத்திரங்களைத் தாண்டித் தள்ளிப் போனது. வியாழன் நத்தை மாதிரி ஊர்ந்தது. சிவப்புப் புள்ளிக்கு இருபுறமும், பல்லக்குத் தூக்கிகள் போல, இரண்டு சின்ன நட்சத்திரங்கள். முதல் நாள் எப்படி நின்றனவோ, மாசக் கடைசியிலும் அப்படியே நின்றன.

குத்தாலிங்கம் குருவிடம் வந்தார். குரலில் பழைய முறுக்கு இல்லை.

"வெள்ளி நடக்குது சாமி. வியாழன்கூட அசைஞ்சிருக்கு. சிவப்பு மட்டும் கூட்டாளிகளை விட்டு நகரல."

"நகராதது எது?"

"நட்சத்திரம். அப்போ அது செவ்வாய் இல்லையா?"

"அது கேட்டை நட்சத்திரம்."

"செவ்வாய் எங்க?"

குரு மேற்கே காட்டினார். வெள்ளிக்கு மேலே, கலைந்த குங்குமம் மாதிரி மங்கலாக ஒன்று. அது நகர்ந்ததையும் தரகர் பார்த்திருந்தார். பெயர்தான் தெரியவில்லை.

"இம்புட்டுத்தானா?" அவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு பாவமும் அறியாததை வருசக்கணக்கா ஏசியிருக்கேனே. அதுகிட்ட எப்படி சாமி மன்னிப்புக் கேக்க?"

"கல்யாணத்தை நிறுத்தினது யாரு?"

"நாந்தான்."

"என்ன சொல்லி நிறுத்தினீங்க?"

தரகர் தோள்துண்டை உருவிப் பாறையில் போட்டார்.

"இவ எம்மவனை முழுங்கிருவான்னு. அவங்க வீட்டு முத்தத்துல நின்னு, ஊரே கேக்க."

"பொண்ணு எங்க இருந்தா?"

"கதவுக்குப் பின்னால. வளையல் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல."

"அதுக்குப் பிறகு யாரும் பொண்ணு கேட்டுப் போகலயா?"

"எம்பேச்சைத் தாண்டி எவன் சாமி போவான்?"

குரு குனிந்து அந்தத் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கேட்டைக்குக் காது இல்ல அண்ணாச்சி. அவளுக்கு இருக்கு. விடிஞ்சதும் இறங்குங்க. அன்னைக்குக் கூடியிருந்த சனத்தை அந்த வீட்டு முத்தத்துக்குத் திரும்பக் கூப்பிடுங்க. சொன்னது தப்புன்னு சொல்லுங்க. அன்னைக்கு எவ்வளவு சத்தமாச் சொன்னீங்களோ, அவ்வளவு சத்தமாச் சொல்லுங்க."