துடைக்க வேண்டாத வயலின்

முப்பது வருஷமாக இசைக்குழுவின் முதல் நாற்காலியில் வயலின் வாசிக்கிற வரதராஜுலு மாஸ்டரின் படம் தபால்தலை அளவில்கூடப் பத்திரிகையில் வந்ததில்லை. கடைசி நாற்காலி மெர்லினுக்கோ அரைப்பக்கம்! தூசியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். மாஸ்டருக்கு வயிறு எரிந்தது.

அன்று ஒத்திகையில் இசையமைப்பாளர் கத்தினார். "பன்னிரண்டு வயலின்ல பதினொண்ணுதான் கேக்குது. அந்த வேகமான இடத்துல யாரோ சும்மா வில்லை ஆட்டுறீங்க!"

"வேற யாரு, இந்த விஞ்ஞானிதான்!" என்றார் மாஸ்டர். "இல்லேன்னா நிரூபிக்கட்டும். முடியலேன்னா இன்னியோட நின்னுக்கட்டும்."

மெர்லின் பணிவாக எழுந்தாள். "எல்லாரும் வயலினை நல்லாத் துடைச்சுட்டு, அந்த இடத்தை மட்டும் நாலு தடவை வாசிக்கலாமா சார்?"

துடைத்தார்கள், வாசித்தார்கள். மாஸ்டரின் வில்தான் எல்லோருடையதையும்விட வேகமாகப் பறந்தது.

முடிந்ததும் மெர்லின் துணியோடு ஒவ்வொருவரிடமும் போனாள். இசையமைப்பாளரும் பின்னாலேயே வந்தார். வில் தந்தியில் உரசியதில், வில்லில் தடவிய ரோசின் பிசின் வயலின்மேல் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருந்தது. தன்னுடையதோடு சேர்த்துப் பதினொன்றைத் துடைத்தவள், மாஸ்டரிடம் வந்ததும் துணியை மடித்துவிட்டாள்.

"உங்களுக்கு வேண்டாம் மாஸ்டர். துடைச்சது துடைச்சபடியே இருக்கு."