மூடி வைத்த தொட்டி

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு சின்ன ஆசிரமம். அங்கே குருவுக்கு வயது நாற்பது. மூத்த சீடர் பங்கஜவல்லி அம்மாளுக்கு அறுபது. தன்னைவிடச் சின்னவரைச் சாமி என்று கூப்பிடுவதில் அம்மாளுக்குக் கூச்சமில்லை. அவர் சொன்னபடி நடப்பதில்தான் கொஞ்சம் சிரமம்.

அம்மாளின் மகள் தாரிணி நாலு மாதத்துக்கு முன் கணவனை இழந்து, அம்மாவோடு ஆசிரமத்திலேயே தங்க வந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அறையைவிட்டு வெளியே வரவில்லை. அம்மாள் மணிக்கொரு தரம் கதவைத் திறந்து பார்ப்பாள். சாப்பிட்டியா என்பாள். ஏன் அழறே என்பாள். அழாமல் இருந்தால், ஏன் இப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே என்பாள்.

ஒருநாள் காலை அம்மாள் குருவிடம் போய் நின்றாள்.

"சாமி, என் பொண்ணு எப்போ வெளியே வருவா?"

குரு தோட்டத்தில் இருந்தார். இத்தாலியிலிருந்து வந்துபோன ஒருவர் அனுப்பிய விதைகளில் வளர்ந்த பாத்தி அது. எல்லாம் கீரை மாதிரி இலை. எல்லாம் வேகவைக்காமல் பச்சையாகவே தின்பது.

"இதுல சிக்கரி எதுன்னு பார்த்துச் சொல்லுங்கம்மா."

"காபித்தூள்ல கலப்பாங்களே, அதுவா?"

"அந்த ஜாதிதான். அங்கே வேர், இங்கே இலை."

அம்மாள் குனிந்தாள். ஒரு இலையைக் கசக்கினாள். கடுகு நெடி ஏறியது. அது இல்லை. அடுத்து இரண்டு வகை, பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. கிள்ளினால் இரண்டிலும் பால் வந்தது.

"இதுல ஒண்ணு லெட்யூஸ் கீரை, இன்னொண்ணு சிக்கரி," என்றார் குரு. "கடிச்சுப் பாருங்க."

முதலாவது வெறும் தண்ணீர் ருசி. இரண்டாவதை அம்மாள் தூவென்று துப்பினாள்.

"வேப்பங்கொழுந்து தேவலை! இதையா காசு கொடுத்து வாங்கித் தின்னுறாங்க?"

"அதுதான் சிக்கரி."

ஆடியில் விதைத்தது. வேர் கட்டைவிரல் தடிமனுக்கு இறங்கியிருந்தது. குரு பத்து வேர்களைத் தோண்டி எடுத்தார். குருத்துக்கு மேல் இரண்டு விரல் விட்டு, இலையை எல்லாம் அறுத்துப் போட்டார். இரண்டு தொட்டியில் ஈர மணலை நிரப்பி, ஐந்தைந்தாக நட்டு, ஒவ்வொன்றின் மேலும் இன்னொரு தொட்டியைக் கவிழ்த்தார். கவிழ்த்த தொட்டியின் அடி ஓட்டையைக் களிமண்ணால் அடைத்தார்.

"மூணு வாரம். துளி வெளிச்சம் படக்கூடாது. புதுசாக் குருத்து வரும், வெள்ளையா. அதுல கசப்பு ரொம்பக் கம்மி."

"தண்ணி?"

"மணல்ல இருக்கிற ஈரம் போதும்."

ஒன்றை அம்மாளிடம் கொடுத்தார். மற்றதைத் தன் குடிலுக்கு எடுத்துப் போனார். மகளைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. அம்மாளுக்குக் கோபம்தான். ஆனாலும் தொட்டியைச் சாமான் அறையில் பத்திரமாக வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து இருவரும் தொட்டிகளைச் சமையலறையில் வைத்துத் திறந்தார்கள்.

குருவின் தொட்டியில் ஐந்து குருத்துகள், வெளிர் மஞ்சள் நுனியோடு, மொட்டுப் போல இறுகி நின்றன. அம்மாளின் தொட்டியில் இலைகள் விரிந்து, பச்சை பாய்ந்து, திசைக்கொன்றாகச் சாய்ந்திருந்தன. அம்மாள் தன்னுடையதில் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டாள். முகம் சுருங்கியது.

"அதே வேர், அதே மணல். எனக்கு மட்டும் ஏன் சாமி இப்படி?"

"எத்தனை தரம் திறந்தீங்க?"

"காலையில ஒரு தரம்."

குரு பச்சை பாய்ந்த இலை ஒன்றை விரலால் நிமிர்த்தினார்.

"சாயங்காலம் ஒரு தரம். மத்தியானம் சாமான் எடுக்கப் போனா, அப்பவும். ஜன்னல் பக்கமா நகர்த்திவச்சு நல்லாப் பார்ப்பேன். உள்ளே செத்துகித்துப் போயிருந்தா?"

"செத்துப்போச்சா?"

"இல்லை. நல்லாத்தான் இருந்துச்சு. பார்த்தப்பல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

சொல்லிவிட்டு அம்மாள் நிறுத்தினாள். முற்றத்துக்கு அப்பால் தாரிணியின் அறைக் கதவு தெரிந்தது. அன்று காலையில் மட்டும் அதை நாலு தரம் திறந்திருந்தாள். நாலாவது தரம் தாரிணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்போ அவளைத் தனியா விட்டுடச் சொல்றீங்களா சாமி? பெத்தவ நான். எப்படி விடுவேன்?"

குரு தன் தொட்டியிலிருந்து ஒரு குருத்தை ஒடித்து அம்மாளின் கையில் வைத்தார்.

"தனியா விடலைம்மா. இந்த மூணு வாரமும் தொட்டிக்குப் பக்கத்துலதான் பாய் போட்டுப் படுத்தேன்."