செம்புப் பாட்டிலில் பானகம்

மலையடி மடத்தில் ஆண்டுக்கு ஒரு பாதயாத்திரை உண்டு. மூன்று நாள் நடை. போகிற வழியெல்லாம் குடித்துவிட்டு எறிந்த பிளாஸ்டிக் பாட்டில். இந்த ஆண்டு அந்த அசிங்கம் வேண்டாம், ஆளுக்கொரு நல்ல பாட்டில் கொடுங்கள், நிரப்பி நிரப்பிக் குடிக்கட்டும் என்று குரு சொல்லிவிட்டார்.

பொறுப்பு சங்கரலிங்கத்தின் தலையில் விழுந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் சீடர். சனிக்கிழமைதோறும் மடத்தில் சித்தாந்த வகுப்பு எடுப்பார். செம்புக்குள் களிம்பு இருப்பதுபோல உயிருக்குள் ஆணவம் இருக்கிறது என்று அவர் ஆரம்பித்தால் கூட்டம் அசையாது.

ஐந்து பாட்டில்களைக் குருவின் முன் வரிசையாக வைத்தார்.

"பிளாஸ்டிக் வெயில்ல சூடானா தண்ணி வாடை அடிக்குது. கண்ணாடி கை நழுவினா போச்சு. அலுமினியத்துக்கு உள்ளே ஏதோ பூசியிருக்கான், அது உரிஞ்சா என்ன ஆகும்னு தெரியல. மிச்சம் எவர்சில்வரும் செம்பும். எது நல்லது சாமி?"

"அதுல எதை ஊத்தப் போறீர்?"

"தண்ணிதான். வேற என்ன?"

குரு ஐந்தையும் அவர் பக்கமே நகர்த்தி வைத்தார்.

சங்கரலிங்கம் செம்பை வாங்கினார். சாமிக்கு அபிஷேகமே செம்புக் குடத்தில்தானே, அதற்கு மேல் என்ன சுத்தம் என்பது அவர் கணக்கு.

மடத்தில் ஒரு வழக்கம். கிளம்பும்போது முதல் மிடறு பானகம்தான் குடிக்க வேண்டும். வெல்லம், சுக்கு, எலுமிச்சை. அதற்குத் தனியாகக் காகிதக் கப் எதற்கு என்று நினைத்தார். முந்தின நாள் மாலையே பானகத்தைச் செம்புப் பாட்டில்களில் நிரப்பச் சொன்னார்.

மடப்பள்ளியில் பாத்திரம் தேய்க்கும் வெள்ளத்தாய் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"ஐயா, செம்புல புளிப்ப ஊத்தி வைக்காதீங்க. விடியறதுக்குள்ள பச்சைக் களிம்பு எறங்கிரும். வயித்தப் பெரட்டும்."

"களிம்பைப் பத்தி எனக்கே வகுப்பு எடுக்கியா?"

அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

"நாப்பது வருசமாத் தேய்க்கேன் ஐயா."

"தேய். யாரு வேண்டாம்னா?"

அவள் போய்விட்டாள்.

காலையில் கூட்டம் கூடியதும் சங்கரலிங்கம் வெள்ளத்தாயைத்தான் முதலில் கூப்பிட்டார். பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தார்.

"குடி. என்ன பெரட்டுதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

அவள் ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. அவரைப் பார்த்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.

மற்றவர்கள் ஒரு மிடறோடு நிறுத்திக்கொண்டார்கள். செப்புக் காசைச் சப்பின மாதிரி இருக்கிறது என்று ரோட்டோரம் துப்பினார்கள். சிலருக்குக் குமட்டல், அதோடு சரி. கூட்டத்தோடு நடந்த வெள்ளத்தாய் இரண்டாவது மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வாந்தி பச்சையாக வந்தது. நிற்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நான்காம் நாள் சங்கரலிங்கம் குருவிடம் வந்தார். ஒரு கையில் எவர்சில்வர் பாட்டில், மறு கையில் அலுமினியம். வெள்ளிக்கிழமை இரண்டாவது குழு கிளம்புகிறது. பாதிப் பேர் கைக்குழந்தைக்காரர்கள்.

"தப்புப் பண்ணிட்டேன். இன்னொரு தடவை ஆகக் கூடாது. எதுன்னு நீங்களே சொல்லிருங்க சாமி."

"எனக்குத் தெரியாது."

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. போய்க் கேளும்."

போனார். அவரைக் கண்டதும் வெள்ளத்தாய் எழுந்து உட்காரப் பார்த்தாள். கை ஊன்ற முடியவில்லை. அவர் இரண்டு பாட்டில்களையும் கட்டிலில் வைத்தார்.

"பானகம் ஊத்தணும். இதுல எது தாங்கும்?"

"நீங்க எதைக் குடுத்தாலும் சரிதான் ஐயா."

"அப்படிச் சொல்லாத. தேய்ச்சுத் தேய்ச்சு உனக்குத் தெரியும்லா?"

"எனக்கென்ன ஐயா தெரியும்."

"செம்பு ஆகாதுன்னு அன்னிக்கு நீதானே சொன்ன?"

"நானா? நெனப்பில்லையே ஐயா."

"வெள்ளத்தாயி, நான் பேசினத மனசுல வச்சுக்காத."

"அதெல்லாம் ஒண்ணும் வைக்கல."

இன்னும் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார். அதே பதில். வைதிருந்தாலாவது தேவலை. அவளோ, காலை மடக்கி அவர் உட்கார இடம் விட்டுக்கொண்டிருந்தாள்.

மடத்துக்குத் திரும்பும்போது உச்சி வெயில். குரு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னா?"

"தனக்கு ஒண்ணும் தெரியாதுங்கா சாமி."

குரு இலையை மடித்தார்.

"போன வாரம் வரைக்கும் தெரிஞ்சிருந்தது."