ஒரு நாள் உத்தரவாதம்

அம்பத்தூர் அலுவலகத்தின் நெட்வொர்க் மேனேஜர் தணிகைவேலுக்குக் கை சும்மா இருக்காது. இணையம் கொஞ்சம் மெதுவானால் போதும், சர்வர் ரூமுக்கு ஓடி ஏதாவதொரு கேபிளைப் பிடுங்கிச் செருகுவார். மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும்.

அதைத் தூக்கி நிறுத்துவதிலேயே அவருக்குக் கீழே வேலை செய்யும் நிலோஃபருக்குப் படிக்க நேரமில்லாமல் போனது. நெட்வொர்க்கிங் சான்றிதழ் தேர்வில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறைக்குத் தணிகைவேலிடம் ஒருநாள் லீவு கேட்டாள்.

"பெரிய பெரிய ஆளுங்களே முட்டி மோதுற பரீட்சை, உனக்கெதுக்கும்மா? சரி, நாளைக்கு நெட்வொர்க் ஒரு தடவைகூட படுக்காதுன்னு உத்தரவாதம் குடுத்துட்டுப் போ."

"குடுக்கிறேன் சார்."

மறுநாள் மாலை பாஸாகித் திரும்பினாள். நெட்வொர்க் படுக்கவே இல்லை. தணிகைவேல்தான் கொதித்துக்கொண்டிருந்தார்.

"சர்வர் ரூம் சாவி எங்கம்மா? காலையிலேர்ந்து உள்ள போக முடியல."

நிலோஃபர் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"இதுதான் சார் நீங்க கேட்ட உத்தரவாதம்."