அமலி கேட்ட இருட்டு

ஒரு ஆபீஸ்ல ஒரு அமலோற்பவம் இருந்தாளாம். எல்லாரும் அமலின்னுதான் கூப்பிடுவாங்க. "ம்" கொட்டு பாப்பு, இல்லேன்னா அத்தை முதல்ல தூங்கிடுவேன்.

"ம்."

அமலிக்கு ஒரு நிலா மேல ஆசை. நம்ம மொட்டைமாடி நிலா இல்ல, சனி கிரகத்தைச் சுத்துதே, டைட்டன், அது. எப்பவும் ஆரஞ்சுக் கலர் புகைமூட்டத்தைப் போத்திக்கிட்டே இருக்கும். சும்மா பாத்தா மொழுக்குன்னு ஒரு உருண்டை, அவ்வளவுதான். ஆனா விண்வெளியில ஒரு பெரிய டெலஸ்கோப் மிதக்குது. நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் அதுக்குத் தெரியும். அந்த வெளிச்சம் புகையைத் தாண்டி வந்துடும். அப்போ மேகம் எங்க, தரை எங்கன்னு பாத்துடலாம்.

அங்க மழை மேகம் இருக்கான்னு பாக்கணும் அமலிக்கு. தண்ணி மழை இல்ல. சாண எரிவாயுல இருக்கே, அந்த வாயுதான் அங்க இருக்குற குளிர்ல மேகமாகி, சொட்டுச் சொட்டுன்னு மழையா விழும். டெலஸ்கோப்பைக் குடுங்கன்னு கேட்டுக் கேட்டு அவ ஓஞ்சே போனா. அப்புறம் ஒருவழியா, மூணே மூணு தடவை பாத்துக்கோன்னு சொன்னாங்க. அதுக்குள்ள மேகம் கெடைக்கலேன்னா அந்த வேலையையே மூடிடுவாங்களாம்.

"ம்..."

மொதல் தடவை படம் வந்துச்சு. நிலாவுல இடப்பக்கமா பளிச்சுன்னு ஒரு புள்ளி! அவளோட மேலதிகாரி குற்றாலிங்கம் சார் துள்ளிட்டார்.

"மேகம்மா! எல்லாருக்கும் சொல்லிடு."

"மேகம்னா நகரணும் சார். இன்னொரு தடவை பாத்துடலாம்."

"உனக்குச் சந்தோஷப்படவே தெரியாதா?"

"தூங்கி எந்திரிச்சுட்டுச் சந்தோஷப்படறேன் சார்."

சில நாள் கழிச்சு ரெண்டாவது தடவை. அப்போ நிலா தானா சுத்தி, வேற பக்கத்தைக் காட்டிக்கிட்டு நிக்குது. ஆனா படத்துல புள்ளி அதே எடத்துல!

"நகரலையே. அப்போ அது மலை," ன்னார் சார்.

"மலைன்னா நிலாவோட சேந்து சுத்தியிருக்கணுமே சார்?"

சார் படத்தைத் தலைகீழாத் திருப்பிப் பாத்தார்.

அமலி வீட்டுக்குப் போய்த் தொப்புன்னு விழுந்தா. டியூப்லைட்டை அணைக்கக்கூட எந்திரிக்க முடியல. அதையே வெறிச்சுப் பாத்துட்டுக் கண்ணை மூடினா, உள்ளேயும் டியூப்லைட் நிக்குது! அட! விருட்டுன்னு எந்திரிச்சு உக்காந்துட்டா. மறுநாள் டெலஸ்கோப்காரங்களைக் கேட்டா, ஆமாங்கறாங்க. ரெண்டு தடவையும் இவளுக்கு முன்னாடி அது வேற யாருக்காகவோ ஜொலிக்கிற ஒரே நட்சத்திரத்தைப் பாத்துருக்கு. அதோட மிச்சம்தான் டெலஸ்கோப் கண்ணுக்குள்ள அப்படியே நின்னுருக்கு.

"அப்போ... மேகம்?"

அதான் ஒண்ணும் இல்லாமப் போச்சே பாப்பு. மிச்சம் ஒரே ஒரு தடவை. அமலி சார்கிட்டப் போனா.

"பாதி நேரம் டெலஸ்கோப் ஒண்ணுமில்லாத இருட்டைப் பாக்கட்டும் சார். கண்ணு தெளிஞ்சப்புறம் நிலாவைப் பாக்கட்டும்."

"ஏம்மா, வெறும் இருட்டைப் பாக்கவா இத்தனை வருஷம் கெஞ்சினோம்?"

"ஆமா சார்."

அப்புறம் மூணாவது தடவை. இருட்டு... இருட்டு... இருட்டு... அப்புறம் நிலா. புள்ளியைக் காணோம். தொடைச்சு வெச்சாப்புல இருக்கு.

"போச்சு," ன்னு சார் தலையில கை வெச்சுக்கிட்டார்.

அமலி விடல. அன்னிக்கு மொதல்ல எடுத்த படம், கடைசியா எடுத்த படம், மாத்தி மாத்திப் பாத்தா. கீழ ஓரத்துல, சாக்பீஸ் தூள் ஒட்டினாப்புல மங்கலா ஏதோ ஒண்ணு. இதுல இங்க இருக்கு. அதுல அங்க இருக்கு. நிலா சுத்துறதைவிட வேகமா நகருது!

"சார், மேகம்."

"இத்தினூண்டா?"

"போதும் சார்."

சார் எல்லாரையும் கூட்டிட்டு வர ஓடினார். கூட்டிட்டு வந்து பாத்தா, அமலி மேஜை மேல தலை வெச்சு, கொர்ர்... கொர்ர்...

அவ்வளவு பெரிய கண்ணுக்கே கொஞ்சம் இருட்டு வேண்டியிருந்துச்சு. நீ சாயங்காலத்துலேர்ந்து போனையே பாத்துட்டிருந்தே. கண்ணை மூடு. உள்ள ஏதாச்சும் புள்ளி தெரியுதா?

"ம்..."

மங்குதா?

...

சரி. மேகம் நகந்துடுச்சு, கதையும் நகந்துடுச்சு. அத்தையும் படுக்கறேன்.