அணில்பிள்ளைக்குப் பயம் காட்டிய ராஜா

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே வேங்கைநாடு என்று ஒரு சீமை இருந்ததாம். அதை ஆண்டவன் கோளரி மாறன். அவன் குரல் இருக்கிறதே, அப்பப்பா! சபையில் அவன் ஒரு அதட்டல் போட்டால் போதும், மந்திரிகள் தூணுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்வார்கள்.

ஒரு ஆடிக்காற்றில் நந்தவனத்து நாவல் மரத்துக் கூடு கலைந்து, கண் திறக்காத மூன்று அணில்பிள்ளைகள் கீழே விழுந்தன. நந்தவனம் காக்கிற அங்காளி அவற்றை முந்தானையில் ஏந்தி வந்தாள். ஆட்டுப்பாலில் பஞ்சுத் திரியை நனைத்து, ராஜாவே தன் கையால் ஊட்டினான். மூன்றும் அவன் தோளில் ஏறும், மீசையைப் பிடித்து இழுக்கும். அந்த நாட்டிலேயே அவனைக் கண்டு பயப்படாத உயிர்கள் அவை மூன்றுதான்.

வினையும் அங்கேதான். ஒருநாள் அதில் ஒன்று அரண்மனைப் பூனையிடமும் அதே மாதிரி துள்ளிக்கொண்டு போனது. போனது போனதுதான்.

ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. சபைப் பெரியவர் மழவராயர் ஓடோடி வந்து ஒரு தங்கக் கூண்டை நீட்டினார். ஆனால் கூண்டில் அடைத்த இரண்டும் நாள் முழுக்க வட்டம் சுற்றின, கம்பியைக் கடித்தன, முதுகு முடி கொட்டியது.

"கூண்டா, மரமா? சொல்லுங்கள்!" என்று ராஜா தவித்தான். "தப்பாகச் சொல்லி ஒன்று செத்தாலும், சொன்னவர் தலை இருக்காது!"

மந்திரிகள் தூணுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டார்கள். பூக்கூடையோடு வாசலில் நின்ற அங்காளிதான் வாயைத் திறந்தாள். "மரம்தான் மகாராஜா. கூண்டுல ரெண்டும் ஏங்கியே செத்துரும்."

மழவராயருக்குச் சுருக்கென்றது. தங்கக் கூண்டைத் தோட்டக்காரி குறை சொல்வதா? "ஆகா! அப்படியே ஆகட்டும் அரசே. தப்பினால் போகிற தலையும் அவளுடையதாகவே இருக்கட்டும்" என்று சிரித்தார்.

தலை போகிற காரியம் என்று அங்காளிக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள்: "ஏழு நாள் கூண்டை நாவல் மரத்துலயே கட்டி வைப்போம். காத்தும் கிளையும் பழகட்டும். தீனியைக் கூண்டுக்குள்ள வெச்சுட்டு வந்துரணும், யாரும் கையால குடுக்கக் கூடாது. மகாராஜாவும்தான்."

ஏழு நாளும் பகல் முழுக்க ராஜா ஜன்னலைப் பிடித்துக்கொண்டே நின்றான். மழை தூறினால் பதறுவான், பருந்து கத்தினால் வேர்த்துவிடுவான். அங்காளியோ தூக்கம் கெட்டு, தினமும் தன் கழுத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் காலை, சபையே மரத்தடியில் கூடியது. கூண்டு திறந்தது. இரண்டும் எட்டிப் பார்த்தன, கிளையில் தாவின, இலைக்குள் மறைந்தன. "அப்பாடா!" என்றான் ராஜா.

அப்பாடாவாவது! ஒன்று சரசரவென்று கீழே இறங்கியது. நேரே மழவராயரிடம் ஓடி, வேட்டியில் ஏறி, அவர் மடிக்குள் தலையை விட்டு ஒரு பொரிகடலையை எடுத்துக் கொறித்தது. மற்றதும் பின்னாலேயே இறங்கியது. அதே நேரம் மதில்மேல் அந்தப் பூனை! மழவராயர் பதறி உதறவும், மடியில் இருந்த அணில் பொத்தென்று தரையில் விழுந்தது. பூனை குதித்து, பதுங்கிப் பதுங்கி வந்தது. அணில்கள் இரண்டும் ஓடாமல் அதையே வேடிக்கை பார்த்தன.

"மகாராஜா, அதட்டுங்க!" என்று அலறினாள் அங்காளி. "சபையில போடுவீங்களே, அந்தச் சத்தம் போடுங்க!"

"ஐயோ, இரண்டும் என்னைக் கண்டும் பயந்துவிடுமே அங்காளி!"

"பயப்படட்டும்! ஊரே உங்களைப் பார்த்துப் பயப்படுது. இதுங்க ரெண்டுக்கு மட்டும் சொல்லிக் குடுக்க மறந்துட்டீங்களே, சாமி!"

ராஜா கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டானே ஒரு அதட்டல்! பூனை மதில் தாண்டிப் பறந்தது. மந்திரிகள் குந்திவிட்டார்கள். அணில்கள் இரண்டும் வாலைச் சிலிர்த்துக்கொண்டு உச்சிக் கிளைக்கு ஓடி, அங்கிருந்து கீச்கீச்சென்று கத்தித் தீர்த்தன.

அங்காளி மூச்சு வாங்கியபடி மழவராயர் பக்கம் திரும்பினாள். "ஏழு நாளா இருட்டுல திருட்டுத்தனமா யார் கையால தீனி குடுத்தாங்களோ, அவங்க மடிதானே அதுக்குத் தெரியும்? இல்லீங்களா ஐயா?"

மழவராயர் மடியிலிருந்து மிச்சக் கடலையும் பொலபொலவென்று கொட்டியது.

"என் பிள்ளைகளைப் பூனைக்குக் கொடுக்கப் பார்த்தீரா?" என்றான் ராஜா. "இன்று முதல் நீர் கையில் கம்போடு இந்த நந்தவனத்தில் பூனையை விரட்டும். அங்காளி சொன்னபடி கேளும்." அங்காளியை நந்தவனத்துக்கே அதிகாரியாக்கி, தன் பட்டுச் சால்வையை அவள் தோளில் போட்டான். அவள் மறுபடி ஒரு தடவை கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் ராஜா ஆசையாக மரத்தடிக்குப் போனான். மெல்லக் கையை நீட்டினான். மேலிருந்து கீச்கீச்சென்று ஒரே கத்தல். ஒன்றுகூட இறங்கவில்லை.

"என்னைத் திட்டுகின்றன, அங்காளி" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"திட்டட்டும் மகாராஜா. திட்டுற வரைக்கும் அதுங்க உயிரோட இருக்குதுங்க."

ராஜா நீட்டின கையை மடக்கிக்கொண்டான். அதன்பின் தினமும் காலையில் தூரத்தில் நின்று அந்தத் திட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் சாப்பிட உட்காருவானாம்.