கண் கொட்டாத காலண்டர்

கரூரில் துணி ஏற்றுமதி செய்யும் சதாசிவத்துக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன் எல்லாம் படுத்துத் தூங்குகிறான் என்பது அவர் முடிவு. அதற்காகவே வீடியோ மீட்டிங்குக்கு ஒரு புது சாஃப்ட்வேர் வாங்கினார். யாருடைய கண் ஸ்கிரீனைப் பார்க்கிறது என்று அது வேவு பார்த்து, கடைசியில் மார்க் போடும்.

முதல் மீட்டிங்கில் மாசிலாமணிக்கு முட்டை. போனில் ஆர்டர் பிடிக்கும் அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை.

"நான் காதாலதான் கவனிக்கிறேங்க."

"ஆளுக்கொரு சாக்கு. மெஷின் பொய் சொல்லாதுய்யா. அடுத்த தடவையும் முட்டை வாங்கினா வேலையை விட்டு நின்னுக்க."

"மெஷின் சொல்றதுதான் முடிவுங்களா?"

"அதான் முடிவு."

அடுத்த மீட்டிங் முடிந்து மார்க் வந்தது. மாசிலாமணிக்கு நூற்றுக்கு நூறு. "என்ன தில்லுமுல்லு பண்ணினே?" என்று சதாசிவம் அன்றுதான் அவருடைய கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

அங்கே மாசிலாமணி இல்லை. கம்பெனி பொங்கலுக்குக் கொடுத்த காலண்டர் தொங்கியது. அதிலிருந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது சதாசிவத்தின் முகம்.

"பக்கத்துலதான் இருக்கேங்க" என்றது மாசிலாமணியின் குரல். "எல்லார் மார்க்கையும் என் கம்ப்யூட்டர் சத்தமா வாசிச்சுச்சு. மீட்டிங் முழுக்க நீங்க பக்கத்து ஸ்கிரீன்ல எங்களை வேவு பாத்துட்டு இருந்தீங்களாட்டம் இருக்குது. உங்களுக்கு முட்டை."

சதாசிவம் மார்க் பட்டியலில் தன் பெயரைத் தேடிப் பிடித்தார்; எதிரே முட்டைதான்.

"உங்க காலண்டர் நூறு வாங்கியிருக்குது, நீங்க முட்டை வாங்கியிருக்கீங்க. இப்ப யாருங்க வேலையை விட்டு நிக்கிறது?"